வாரின் மூன்றாவது ஓட்டை

ஜெயலக்ஷ்மி: இருங்க, இருங்க! அந்த வாரை மட்டும் அவுக்காதீங்க.

பாலகுமார்: அவுக்காம எப்படி மேடம் தைக்கறது? சேணம் முழுக்கத் தையல் விட்டுக் கிடக்கு. பைக் சீட்டுன்னா அரை மணியில முடிச்சிருப்பேன்.

ஜெயலக்ஷ்மி: பைக் சீட்டு தைக்க பெங்களூர்ல இந்த அடுகோடி பூரா ஆள் இருக்கு. குதிரைச் சேணம் தெரிஞ்சவர் நீங்கதானாம்.

பாலகுமார்: யார் சொன்னது?

ஜெயலக்ஷ்மி: சொன்னாங்க...

பாலகுமார்: வெள்ளைக்காரன் காலத்துத் தோலு. யாரோடது?

ஜெயலக்ஷ்மி: எங்கப்பாவோடது. மேஜர். நாப்பது வருஷமா டிரங்குப் பெட்டியில... அவர் விழுந்த அன்னிக்கு இருந்தபடியே.

பாலகுமார்: விழுந்தாரா?

ஜெயலக்ஷ்மி: சேணம் சரிஞ்சு விழுந்தார். குதிரை அதை உதறிட்டு ஓடிடுச்சு. அப்பாவுக்கு இடுப்பு போச்சு. கட்டிலோடயே இருந்து, போன மாசம்தான் போனார்.

பாலகுமார்: அடடா... வயித்து வார் அறுந்துடுச்சா?

ஜெயலக்ஷ்மி: நீங்களே பாத்துச் சொல்லுங்க.

பாலகுமார்: ஸ்வல்ப பொறுங்க... அறுந்து போகலை. பூட்டினபடியே இருக்கு. ஆனா பக்கிள் மாட்டியிருக்கறது மூணாவது ஓட்டை. தோலு தேஞ்சிருக்கறது ஆறாவது ஓட்டை.

ஜெயலக்ஷ்மி: அப்படின்னா?

பாலகுமார்: தினம் கட்டின கை ஆறுலதான் இறுக்கிக் கட்டியிருக்கு, மூணுல கட்டினா தொளதொளன்னு இருக்கும். வார் பூட்டறப்ப குதிரை வயித்தை உப்பிக்கும் மேடம், சரியான கள்ளன்! நாலடி நடக்கவிட்டா மூச்சை விட்டுடும். அப்ப மறுபடி இழுத்து இறுக்கணும். எந்தக் குதிரைக்காரனும் இதை மறக்கமாட்டான். இது யாரோ தெரியாதவங்க...

ஜெயலக்ஷ்மி: தெரியாதவங்க இல்ல. குடிச்சிருந்தவங்க.

பாலகுமார்: குடிச்சுட்டா? யாரு மேடம்?

ஜெயலக்ஷ்மி: குதிரைக்காரரைக் கிட்டயே வராதேன்னு விரட்டிட்டு, அப்பாவே கட்டினார். லாயத்து வாசல்ல நான் நின்னுட்டிருந்தேன். எட்டு வயசு. விசாரணையில பழியை அந்த மனுஷன் மேல போட்டார். நான் வாயே திறக்கலை.

பாலகுமார்: அந்தக் குதிரைக்காரர்... வேலை போயி, பீன்யாவுல ஒரு ஃபேக்டரியில வாட்ச்மேனா இருந்தார். டீவியில குதிரை வந்தா எழுந்து போயிடுவார். இன்னிக்கும் தூக்கத்துல, 'நான் கட்டலை சாப், நான் கட்டலை'ன்னு...

ஜெயலக்ஷ்மி: இன்னிக்குமா...

பாலகுமார்: முதல்லயே சொல்லியிருக்கணும் மேடம். அவர் பேரு அய்யாவு. எங்கப்பா. இந்தக் கடைக்குப் பின்னாடி ரூம்லதான் படுத்திருக்கார்.

ஜெயலக்ஷ்மி: தெரியும் பாலகுமார். தைக்கவா நான் வந்தேன்? அவுக்காம அப்படியே தூக்கிட்டு வாங்க... அவர் கண்ணெதிர்ல நான் சொல்லணும்.