லோக்நகர் மலையில் நினியன் கல்பிரேய்த் திரும்பிய நாள்

அவைத்தலைவர் டாக்டர் ஆபர்நெத்தி அவர்களே, அபர்டீனிலிருந்து பனியில் வண்டியோட்டி வந்திருக்கும் நினியனின் தங்கை எல்ஸ்பெத் அம்மையார் அவர்களே, டே நதி மலையேறுவோர் சங்கத்துத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மாய்ரா கெடிஸின் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் நம் குளிர்கால முகாம்களின் மலைத்தலைவராக இருந்த நினியன் கல்பிரேய்த் இன்று இல்லை. பெர்த்தில் தம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். இரண்டு நாள், தோழர்களே. நம்மில் யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை?

அவர் புகழை எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். கண் தெரியாத வெண்புயலில் பனியுருண்டை வீசி, அது விழுந்த இடத்தில் தரை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பதினோரு பேரை இறக்கிக்கொண்டு வந்தவர். எல்லாம் உண்மை. நான் சொல்லப்போவது வேறு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரியில், லோக்நகர் முகாம். உச்சிக்கு இருநூறு அடி இருக்கும்போது அவர் நம்மைத் திருப்பினார். நினைவிருக்கிறதா? இங்கே அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

நான் அப்போது சங்கத்துக்குப் புதியவள். மணமுறிவு முடிந்து நான்கு மாதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போக இந்தக் கூட்டத்தைத் தவிர எனக்கு வேறு இடம் கிடையாது. அன்று மலைமுகட்டில் என் கையுறை ஒன்று காற்றில் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வரிசையின் கடைசியில் நடந்தேன். நினியன் நின்று, எனக்காகக் காத்திருந்தார்.

"கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடும்மா."

முயன்றேன். விரல் வரவில்லை; குளிர் உடலுக்குள் இறங்கிவிட்டால் அப்படித்தான்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். நாக்கு குழறியது.

அவர் தம் கையுறையைக் கழற்றி எனக்கு மாட்டினார். "சரி, இறங்கலாம்."

"என்னாலன்னு சொல்லிடாதீங்க. அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க."

"சொல்ல என்ன இருக்கு? காத்து சரியில்ல."

முன்னே போய் அதையேதான் சொன்னார். டாக்டர் அவர்களே, நீங்கள் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. "இதெல்லாம் ஒரு காத்தா? உங்களுக்கு வயசாயிடுச்சு, நினியன்."

"ஆமாப்பா, ஆயிடுச்சு" என்றார்.

அன்று வேறு சங்கத்தார் உச்சிக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். பனி சரியவில்லை, புயல் வரவில்லை. அவர் முடிவு சரி என்று சொல்ல எதுவுமே நடக்கவில்லை. நாம் தங்கியிருந்த குடிலில் யாரும் அவரோடு பேசவில்லை. பருப்பு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, சமையலறையில் நின்றபடியே குடித்தார். நான் அடுப்புப் பக்கத்தில், உங்கள் நடுவே, கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆண்டு இலையுதிர்காலப் பொதுக்கூட்டத்தில் அவரைத் தலைமையிலிருந்து எடுத்தோம். பதினான்கு கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோபித்துக்கொண்டு விலகினாரா? இல்லை. ஒவ்வொரு முகாமுக்கும் வந்தார். நாம் மலைக்குப் போவோம், அவர் குடிலில் அடுப்பு மூட்டுவார், விறகு பிளப்பார். ஒருமுறை கால் சுளுக்கென்று பொய் சொல்லி நானும் பின்தங்கினேன்.

"எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன்.

"எதுக்கு? இப்பத்தான் நீ நல்லா ஏறறேன்னு பேசிக்கிறாங்க. ஈரச் சாக்ஸைக் கொடு, காயப்போடறேன்."

சொல்லாமலே இருந்துவிட்டேன். அவர் மனைவி இறந்து பல வருடம். அவருக்கும் போக இந்த ஒரு கூட்டம்தான் இருந்தது. அதில் தமக்கிருந்த இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். அதை நான் எப்போது புரிந்துகொண்டேன்? கீழ்வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்ன அந்த வியாழக்கிழமை.

எல்ஸ்பெத் அம்மையாரே, உங்கள் அண்ணன் பயந்து திரும்பவில்லை. என் உயிருக்காகத் திரும்பினார். இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு ஒன்பது குளிர்காலம் இருந்தது.

தோழர்களே, வரும் சனிக்கிழமை முகாம் நிற்காது. செயற்குழு இம்முறை தலைமையை என்னிடம் கொடுத்திருக்கிறது. அவர் செய்த வேலையை அவர் செய்தபடியே செய்வேன் என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன். உங்களில் யாராவது என் பக்கத்தில் வந்து, மற்றவர் காதில் விழாமல், "முடியல" என்று சொன்னால் போதும். உச்சி பத்தடியில் இருந்தாலும் எல்லோரையும் திருப்பிக்கொண்டு இறங்குவேன். யாரால் என்று நீங்கள் கேட்பீர்கள்.

நான் சொல்லமாட்டேன்.