வியாழக்கிழமை பார்த்து ஒரு கல்யாணம்

…அதுவும் வியாழக்கிழமை பார்த்தா வரணும், மாபெலே அக்கா! ஜெபக்கூட்ட நாள்! நம்ம சர்ச் பொம்பளைங்க பூரா செவப்புச் சட்டை போட்டுக்கிட்டு இந்தப் பதிவு ஆபீஸ் வாசல் வழியாத்தான் போவாங்க. மகளோட பொறப்புச் சான்றிதழுக்கு வந்த நீங்களே அந்தச் சட்டையிலதான் உக்காந்திருக்கீங்க. இத்தனை பேரு பாக்க, ரெண்டு பொம்பளைப் புள்ளைங்களுக்கு நான் கல்யாணம் பண்ணி வைக்கணும்!

முன்னெல்லாம் இந்தப் பாடு இல்ல. 'என் மனசாட்சி ஒப்பல'ன்னு மேலதிகாரிக்கு ஒரு லெட்டர். முடிஞ்சுது. அவங்க வேற ஊர் ஆபீஸைப் பாத்துப் போய்க்கணும். அப்புறம் கேப் டவுன் பார்லிமென்ட்டுல அப்படி லெட்டர் குடுக்க விட்ட சட்டப் பிரிவையே தூக்கிட்டாங்க. ஏங்க, அரசியல் சாசனத்துல என் சாமிக்கும் இடம் இருக்கில்லன்னு மேலதிகாரிகிட்ட சண்டைக்கே போனேன். 'இருக்கும்மா. சர்ச்சுல நீ விசுவாசி. இந்த நாற்காலியில நீ அரசாங்கம்'னுட்டாரு. நான் அரசாங்கமாம்! அரசாங்கத்துக்கு முட்டிவலி வருமா, சொல்லுங்க?

சரி, தலையெழுத்துன்னு போன வெள்ளிக்கிழமை அசண்டாவுக்கும் லிண்டெல்வாவுக்கும் பண்ணி வச்சேன். நல்ல புள்ளைங்கதான், அதை இல்லேங்கல. கையெழுத்து போட்டாங்க, அழுதாங்க, போனாங்க. ஒரு ஈ காக்கா பாக்கல… எப்படிப் பாக்கும்? நான்தான் கதவைச் சாத்திட்டேனே!

மொறைக்காதீங்க! கதவைத் தொறந்து வச்சுத்தான் கல்யாணம் பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு. இருபது வருஷமா இதே வேலை பாக்குறேன், எனக்குத் தெரியாதா? கை தானாப் போயிடுச்சுக்கா. சாட்சிக்கு வந்தவன் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, அவன் விடுவானா? 'நாளைக்கு யாராவது இது செல்லாதுன்னா என்ன பண்றது? மறுபடி பண்ணுங்க'ன்னு மனு குடுத்துட்டான். அன்னிக்கு வந்தது மொத்தமே நாலு பேரு. இன்னிக்குப் பாருங்க… ரெண்டு வேன் நெறைய சொந்தம், வாளி வாளியா இஞ்சி பீர், வாசல்லயே குலவை! எல்லாம் நானே தேடிக்கிட்டது.

காலையில லிண்டெல்வா வந்து நின்னா. கோவமே இல்லக்கா. 'அம்மா, வெள்ளிக்கிழமை நடந்தது செல்லாதுன்னா, இந்த ஆறு நாளா நாங்க ஒருத்தருக்கொருத்தர் யாரு?'ன்னு மட்டும் கேட்டா. எனக்கு வெக்கமாப் போச்சு. எந்திரிச்சுப் போயி அந்தக் கதவை விரியத் தொறந்து வச்சேன்.

என்னக்கா எந்திரிச்சுட்டீங்க? உங்க நம்பர் இன்னும் கூப்பிடலையே! என்னது… அவங்ககூடச் சேந்து குலவை போடவா? நீங்களா! ஜெபக்கூட்டத்துல கேட்டா என்ன சொல்லுவீங்க?… ம்ம்… 'கல்யாண வீட்டுல குலவை போட்டேன்னு சொல்லுவேன்'ங்கிறீங்களா? அதுவும் சரிதான். போங்க, போங்க… அட, இருங்க, நானும் வரேன்! நான் வராம அங்க எப்படிக் கல்யாணம் நடக்கும்?