கை நனைக்காத மாப்பிள்ளை

– வேணாங்க பிரவீனா, சொம்ப அப்பிடியே கீழ வெச்சிடுங்க.

– மூணாவது தடவையா வேணாங்கறீங்க சுபாஷ். ஹோசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டைக்கு இந்த வெயில்ல பைக்ல வந்திருக்கீங்க. உதடு வெடிச்சுக் கெடக்குது.

– அது வந்துங்க... எங்கம்மா கண்டிசன் போட்டிருக்காங்க. சம்பந்தம் முடிவாகாம பொண்ணு வீட்டுல கை நனைக்கக் கூடாதாம். பச்சத் தண்ணி குடிச்சாலும் சம்மதம் சொன்ன மாதிரிதானாம். நம்மளப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பிட்டு, கீழ வாசல்ல சேர் போட்டு இங்கயே பாத்துட்டு உக்காந்திருக்காங்க.

– நல்ல ஆளுகிட்ட வந்து சொன்னீங்க போங்க. நான் பெங்களூர்ல மூணு வருசமா ஆராய்ச்சி பண்றதே தாகத்தத்தான்.

– தாகத்துல ஆராய என்னங்க இருக்குது? தண்ணி குடிச்சா தீந்துச்சு.

– அதத்தான் குடிக்க மாட்டேங்கறீங்களே! கேளுங்க. மூளைக்கு அடியில சின்னதா ஒரு இடம். அங்க ஒரு ஹார்மோன் தயாராகுது. கிட்னிக்குப் போய், 'இருக்கற தண்ணிய வெளிய விடாத, புடிச்சு வை'ன்னு சொல்றதுதான் அதோட வேலை. அத எப்பிடிச் செய்யணும்கற குறிப்பு ஒரு ஜீன்ல இருக்கு. எலிக்கு ரெண்டு மூணு நாள் தண்ணி குடுக்கலன்னா, மூளை அந்தக் குறிப்ப நகல் மேல நகலா எடுத்துத் தள்ளும்.

– இருங்க இருங்க. எங்க பேக்டரி ஆபீஸ்ல டிராயிங் ஒண்ணு பத்திரமா இருக்கும். ஆர்டர் கூடிப்போச்சுன்னா ஜெராக்ஸ் போட்டு லைனுக்கு அனுப்புவோம், எக்ஸ்ட்ரா சிப்டு ஓடும். அப்பிடிங்களா?

– அப்பிடியேதான்! எங்க புரொபசர்கூட இவ்வளவு சுருக்கமா சொன்னதில்ல. அந்த ஜெராக்ஸ எண்றதுதான் என் வேலை. இன்னொரு கூத்து கேளுங்க. தாய்ப்பால வெளிய வர வெக்கற ஹார்மோன் இருக்குல்ல, தாகம் எடுத்தா அதோட நகலும் கூடுது. ஆண் எலிக்குக்கூட.

– ஆம்பள எலிக்கா! அதுக்கு எதுக்குங்க அது?

– ஒடம்புல சேர்ற உப்ப வெளியேத்தன்னு சொல்றாங்க. முழுசாத் தெரியல. அதான் தோண்டிட்டு இருக்கேன்.

– அப்புறம் தண்ணி குடுத்தீங்களா?

– யாருக்கு?

– அந்த எலிக்குங்க.

– இத யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல. ஒரு கூட்டத்துக்குக் குடுப்போம். குடுத்தாலும் நகல் எடுக்கறது சட்டுன்னு நிக்காது, மெல்லத்தான் குறையும். ஆனா பொய் சொல்ல மாட்டேன், கடைசில எல்லாத்தையும் கொன்னு மூளைய எடுத்துத்தான் பாக்கணும்.

– பாவங்க.

– பாவந்தான். பாதில விட்டா அதுங்க செத்ததும் வீணாப் போயிடும். இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. உங்களுக்கு முன்ன ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு எதுக்குன்னாரு. இன்னொருத்தர் எலியத் தொட்ட கையாலயா சாம்பார் வெப்பீங்கன்னு கேட்டாரு. நான் முடிக்கணும். அதுக்கு உங்க பதில் என்னன்னு தெரியாம நான் கீழ எறங்க மாட்டேன்.

– நான் ஐடிஐதானுங்க. ஆனா அரைகுறையா ஒரு பீஸ லைன்ல விட்டா என்ன ஆகும்னு தெரியும். நீங்க முடிங்க. ஹோசூர்ல நம்ம வீட்டுல இருந்து அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூர்தானே? எங்க கம்பெனில பாதிப் பேர் தெனம் அங்கிருந்துதான் வர்றாங்க.

– பொங்கலன்னைக்கும் எலிக்கு எடை பாக்கப் போகணும்.

– பைக் எதுக்கு இருக்குது? நீங்க உள்ள எடை பாருங்க, நான் வெளிய நின்னு கரும்பு கடிச்சிட்டு இருக்கேன்.

– சிரிப்புக் காட்டாதீங்க, கீழ கேக்கும்! இந்தாங்க, இந்த பாட்டில்ல குடிங்க.

– அய்யோ, எங்கம்மா...

– இது எங்க வீட்டுத் தண்ணி இல்ல. நேத்து ஹாஸ்டல்ல புடிச்சது. கர்நாடகா தண்ணி நம்ம பக்கம் வர்றதே அபூர்வம், வேணாம்னு சொல்லாதீங்க.

– அட, ஆமாங்கல்ல! பொண்ணு வீட்டுத் தண்ணிதான் கூடாது. குடுங்க குடுங்க.

– அங்க வெயிலு. இப்பிடி கைப்பிடிச் சுவர்கிட்ட வாங்க, நிழல் இருக்கு. மெதுவா, மெதுவா... மொத்தத்தையும் காலி பண்ணிட்டீங்களே!

– இப்பத்தாங்க உசுரு வந்துச்சு.

– சம்பந்தீ! எம் பையன் தண்ணி குடிச்சுட்டான்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்! இலையப் போடச் சொல்லுங்க!

– போச்சு, எங்கம்மா பாத்துட்டாங்க! அய்யய்யோ, எல்லாரும் கை தட்டறாங்க. உங்கப்பா துண்டால கண்ணத் தொடைக்கறாரு.

– தொடைக்கட்டும். சந்தோசத்துலதான.

– இல்லீங்க, இது தப்பு. நீங்க சம்மதம்னு இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. நான் எறங்கிப் போய், தாகத்துல குடிச்சுட்டேன், இன்னும் எதுவும் முடிவாகலன்னு சொல்லிடறேன்.

– உங்கம்மா சும்மா விடுவாங்களா?

– ஒரு மாசம் பேச மாட்டாங்க. பரவால்லீங்க. எனக்கு உங்களப் புடிச்சிருக்குது, அது வேற. உங்களக் கேக்காம இது முடிவாகக் கூடாது. அந்த பாட்டிலக் குடுங்க, ஹாஸ்டல் தண்ணின்னு காட்டிட்டு வர்றேன்.

– நில்லுங்க சுபாஷ். ஹாஸ்டல் தண்ணி நேத்து பஸ்லயே தீந்துபோச்சு. நீங்க குடிச்சது இன்னைக்குக் காலைல எங்க வீட்டுக் குடத்துல நான் மொண்டது.