ஒன்றாம் தேதிக்காரர்கள்

டீ நன்றாக இருக்கிறது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

மருத்துவமனையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களை வரிசைப்படுத்தும் புரோகிராம் நான் எழுதியது. பதிவுத் தேதியை அங்கே வெறும் எண்ணாக, நாள் முதலிலும் வருடம் கடைசியிலுமாக வைத்திருந்தார்கள். அது தேதி என்று கம்ப்யூட்டர் கண்டதா? சின்ன எண்ணை முன்னால் தள்ளியது. போன மாதம் ஒன்றாம் தேதி வந்தவர், நான்கு வருடம் முன்பு முப்பத்தொன்றாம் தேதி வந்தவரை முந்திக்கொண்டார்.

பக்கத்து சீட்டுப் பெண்தான் கவனித்தாள். "அண்ணா, வருஷம் முன்னால வர்ற மாதிரி திருப்பிட்டு வரிசைப்படுத்தணும். ஒரே ஒரு வரிதான்" என்றாள். எனக்குத் தெரியாதா? பெரிய டாக்டர் பார்க்கும் மாதாந்திர அறிக்கையில் மாதங்கள் தாறுமாறாக வந்தபோது, அதே வரியைப் போட்டு அரை மணியில் சரிசெய்தவன் நான். இதையும் செய்வதாகத்தான் இருந்தேன்.

அந்த வாரம் பார்த்து என் மனைவியின் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. மாதக் கடைசி. உடனே பதியச் சொன்னார்கள். ஒன்றாம் தேதி நல்ல நாள், அன்று போகலாம் என்றேன்.

"நீங்க எப்பலேருந்து நாள் பாக்க ஆரம்பிச்சீங்க?" என்றாள் மனைவி.

பக்கத்து சீட்டுப் பெண் மறுபடி கேட்டபோது, செய்தாகிவிட்டது என்றேன். நம்பிவிட்டாள். தங்கமான பெண்.

முப்பத்தொன்றாம் தேதிக்காரர் ஒருவர், தையல்காரர், மாதாமாதம் என் ஜன்னலுக்கு வருவார். "தம்பி, என் பேரு கொஞ்சமாவது மேல வந்திருக்கா?" என்பார். பொறுமையாக இருங்கள் என்பேன். அவரும் இருந்தார். ஒருமுறை என் சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தானை நின்றபடியே தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அவருக்கும் என் மைத்துனனுக்கும் ஒரே ரத்தப் பிரிவு. சிறுநீரகம் ஒன்று வந்தது. பட்டியலில் மைத்துனன் முதலில் இருந்தான். சில நாள் கழித்துத் தையல்காரரின் மகள் வந்து, அப்பா பெயரை எடுத்துவிடச் சொன்னாள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, சார்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நான் யாரையும் மேலே தூக்கவில்லை, யாரையும் கீழே தள்ளவில்லை. மைத்துனன் நல்லபடியாக வீடு திரும்பிய அன்று மாலையே அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டேன். பட்டியல் கச்சிதமாக வந்தது. முதல் பெயர் தையல்காரருடையது. மகள் சொல்லியும் எடுக்க மறந்திருக்கிறேன்.

அதையும் அன்றே எடுத்துவிட்டேன். வேலையை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.