சட்டையில் ஒட்டிய பசை

— அக்கா, அந்த இஸ்திரிப் பெட்டியக் கீழ வைங்க. இப்படி வந்து உக்காருங்க.

— உக்கார நேரமில்லடி. ஓட்டல் வண்டி வந்துரும். படுக்கை விரிப்பு இன்னும் பாதி மடிக்கல.

— விரிப்பு எங்கயும் ஓடிப் போகாது. இது யார் சட்டை?

— என்னோடதுதான். ஏன், கிழிச்சுட்டியா?

— உள்பக்கம் தொட்டுப் பாருங்க. இடது பக்கம்.

— என்னமோ பிசுபிசுன்னு...

— பசை. சதுரமா, நாலு மூலையும் அப்படியே பதிஞ்சிருக்கு.

— ஏதாவது குழந்தை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

— நம்ம வீட்டுக் குழந்தைங்களுக்கு மீசை முளைச்சாச்சு.

— அப்ப வலி பிளாஸ்திரி. விடேன்!

— அக்கா... துணிய மோந்து பாத்தே எந்த வீட்டுக்காரர் திருட்டு தம் அடிக்கிறார்னு சொல்றவங்க நீங்க. இந்த லாண்டரியில உங்ககிட்ட தொழில் கத்துக்கிட்டவ நான். என்கிட்டயே கதை விடுறீங்களா?

— அந்தச் சட்டைய இப்படிக் குடு, மறுபடி அலசிடறேன்.

— டாக்டர் எனக்குக் குடுத்த ஹார்மோன் பேட்ச் பீரோவுல குறையுது. மறதியில நானே ரெண்டா ஒட்டிக்கிட்டேனோன்னு கண்ணாடி முன்னாடி நின்னு உடம்பு பூராத் தேடினேன், தெரியுமா?

— சிரிக்க வைக்காதடி... மூச்சு வாங்குது.

— எடுத்தீங்களா, இல்லையா?

— எடுத்தேன். என்ன இப்ப? நகையவா எடுத்தேன்? ஓரகத்தி பீரோவுல ஒரு ஸ்டிக்கர் எடுக்க எனக்கு உரிமை இல்லையா?

— கேட்டிருக்கலாமே.

— கேட்டா எதுக்குன்னு கேப்ப.

— இப்பவும் அதைத்தான் கேக்கறேன்.

— உனக்கு மட்டும் எதுக்காம்?

— எனக்கு மாதவிலக்கு நின்னு இப்பத்தான் ரெண்டு வருஷம். திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குது, ராத்திரியில தலைகாணி நனைஞ்சு போகுது. எல்லாம் பரிசோதிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தாங்க. உங்களுக்கு அதெல்லாம் நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே!

— அதாண்டி! நின்னதுக்கப்புறம்தான் பொம்பளைக்கு இதயம் கெடுதாம். அதுவரைக்கும் அந்த ஹார்மோன் காவல் இருக்குமாம். நீதானே டாக்டர் சொன்னாங்கன்னு வந்து சொன்ன?

— சொன்னேன். மீதியச் சொல்றதுக்குள்ள மெஷின் கூவுதுன்னு எந்திரிச்சுப் போயிட்டீங்க.

— காவல்காரன் போயிட்டான்னா திரும்பக் கூட்டியாந்து நிறுத்திட்டாப் போச்சு. இதுல மீதி என்ன இருக்கு?

— அதுக்கு நெஞ்சுலயா ஒட்டுவாங்க?

— பின்னே? கறை இருக்கிற இடத்துலதானே மருந்து வைப்போம்? காலர்ல மை கொட்டினா கைமடிப்புலயா சோப்பு போடுவ?

— ஐயோ அக்கா! அடிவயித்துல, இல்லாட்டி இடுப்புல ஒட்டறது அது. மார்ல ஒட்டவே கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கு.

— அட்டையப் படிக்க முடியல. இருட்டுல எடுத்தேன்.

— எடுக்கிறது திருட்டு, இதுல வெளிச்சம் இல்லன்னு குறை வேற!

— ரொம்பப் பேசாத.

— பேசுவேன். மீதியக் கேளுங்க. இது சூட்டுக்கும் தூக்கத்துக்கும் குடுக்கிறது. இதயத்தக் காப்பாத்தணும்னு இதை யாருக்கும் குடுக்கிறதில்ல. அறுபது தாண்டி, நின்னு இத்தனை வருஷம் கழிச்சு, புதுசா ஆரம்பிச்சா இதயத்துக்கே ஆபத்து கூடலாம். ரத்தம் கட்டிக்கலாம்.

— அறுபது தாண்டினவங்களப் பத்தி உன்கிட்ட எதுக்குச் சொன்னாங்க?

— நான் கேட்டேன்.

— எப்போ?

— நேத்து. தலைவலி மாத்திரை வாங்கப் போறேன்னு போனேனே, அப்போ. முந்தாநாள் துவைச்ச சட்டையிலயும் இதே பசை இருந்துச்சு.

— அடிப்பாவி!

— பொய் சொல்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா? சரி, சொல்லுங்க. நெஞ்சுல அப்படி என்ன கறை?

— ஒண்ணுமில்லடி.

— அக்கா.

— படி ஏறினா மூச்சு வாங்குது. வயசாகுதில்ல...

— அப்புறம்?

— தாடை பிடிச்சு இழுக்குது. பல்வலின்னு விட்டுட்டேன்.

— அந்தப் பக்கம்தான் உங்களுக்குப் பல்லே இல்லையே!

— இல்லாத பல்லு வலிக்கக் கூடாதா?

— அப்புறம்?

— முதுகுல... ஈரத்துணி மூட்டைய ஏத்தி வெச்ச மாதிரி. கொஞ்ச நேரம் நின்னா விட்டுரும். ஏண்டி இப்படி முழிக்கிற? எங்க வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்தப்போ நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சாரு. எனக்கு அப்படியெல்லாம் இல்ல.

— பொம்பளைங்களுக்குச் சில நேரம் அப்படி வராதாம். தாடை, முதுகு, மூச்சுன்னு சுத்தி வளைச்சு வருமாம். ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்பவே.

— நாளைக்குப் பாக்கலாம்...

— இப்பவே.

— ஓட்டல் விரிப்புடி!

— ஓட்டல்ல தங்கறவங்க ஒரு நாள் கசங்கினதுல படுக்கட்டும்.

— நம்ம பெரிய வாடிக்கை அது. கை விட்டுப் போயிரும்.

— போகட்டும்! எனக்கு நீங்க போயிரக் கூடாது. கல்யாணமாகி வந்தப்போ சமையல் தெரியாம முழிச்சேன். யார்கிட்டயும் மூச்சு விடாம எனக்கும் சேத்து நீங்கதான் சமைச்சீங்க. பாராட்டு மட்டும் எனக்கு வாங்கிக் குடுத்தீங்க. உங்கள விட்டா நான் யார்கூடக்கா சண்டை போடுவேன்?

— ...அழுதுட்டே மிரட்டுறியேடி.

— அழுவேன், மிரட்டவும் செய்வேன். எந்திரிக்காதீங்க!

— வாசல்ல வண்டி நிக்குதே. மூட்டையக் குடுத்துட்டு...

— மூட்டையத் தொடக் கூடாது. அது ஓட்டல் வண்டி இல்ல... ஆம்புலன்ஸ். காலையில மேசையப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அதப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன். வண்டி வர்ற வரைக்கும் உங்கள உக்கார வைக்கத்தான் இவ்வளவு பேச்சும். மாட்டேன்னாலும் விடமாட்டேன்.

— ஓட்டல் வண்டி எப்படிடி வரும்? இன்னிக்கு வேணாம்னு விடிஞ்சதுமே நானே போன் பண்ணிச் சொல்லிட்டேனே. அந்த மேசைக்கடியில பை இருக்கு, எடுத்துக்க. மாத்துத் துணி இருக்கு, டாக்டர்கிட்ட காட்ட மீதி ஸ்டிக்கரும் வெச்சிருக்கேன். எந்திரிச்சதுல இருந்தே முதுகு அழுத்துது... பயமா இருக்குன்னு சொல்லத்தான் எனக்கு வாய் வரல, அதான் ஓட்டல் விரிப்பு, வண்டின்னு சாக்குச் சொல்லிட்டிருந்தேன். வா, என் கையப் பிடிச்சுக்க.