அண்ணன் கேட்ட தண்ணீர்

டிஸ்கஸ் மீன் வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீரைக் கவனித்துக்கொண்டால் போதும். குழாய்த் தண்ணீரில் கிருமி சாவதற்காகக் குளோரின் கலந்திருப்பார்கள். நம்மை ஒன்றும் செய்யாது. மீனின் செவுளை அரித்துவிடும். அதனால் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தை ஊற்ற வேண்டும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.

தொட்டி என் அண்ணனுடையது. கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே செடிகள் காடாக மண்டியிருக்கும். நடுவே தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல் மீன்கள் அசையாமல் மிதக்கும். என்னைக் கிட்டவே விடமாட்டார். "தள்ளிப் போடா, உன் கை பட்டது எது உருப்பட்டிருக்கு?" என்பார், வந்தவர்கள் முன்னால், சிரித்துக்கொண்டே. நானும் சேர்ந்து சிரிப்பேன். வேலை போய் அவர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவன் வேறென்ன செய்வது.

பக்கவாதம் வந்து அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போயின. தொட்டிக்கு எதிரே கட்டிலைப் போட்டோம். பராமரிப்பு என் தலையில் விழுந்தது. மணலில் படிந்த கழிவை ஹோஸால் உறிஞ்சுவேன், அழுகிய இலைகளைக் கத்தரிப்பேன், ஃபில்டர் பஞ்சை அலசுவேன், வெதுவெதுப்பு குறையாமல் புதுத் தண்ணீர் விடுவேன். எங்கேயாவது பிசகினால் அண்ணன் இடக்கை மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். டங். நான் திரும்பிப் பார்ப்பேன். பேச்சு போன பிறகும் அவர் என்னைத் திட்டாமல் இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஜோடி குஞ்சு பொரித்தது. டிஸ்கஸின் உடம்பில் பால்போல ஒன்று சுரக்கும். குஞ்சுகள் தாய் தகப்பன் மேல் மொய்த்து அதைத் தின்றே வளரும். அண்ணன் அதைப் பார்த்தபடியே கிடப்பார். கண்ணோரம் ஈரம் கசியும்.

ஒரு நாள் அண்ணியின் தங்கை வந்திருந்தாள். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துக்காது. இனிமே இந்த மீனெல்லாம் உங்களுதுதான்" என்றாள் என்னிடம். அண்ணனின் வாயில் அசையக்கூடிய பாதி மெல்ல மேலே இழுத்துக்கொண்டது. பழைய கேலிச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் என்ன என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

மறுநாள் காலை பாதித் தண்ணீரை வெளியே விட்டேன். சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து அண்ணன் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தேன். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தேன். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மோதிரம் தட்டத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

"என்னவாம் தம்பி?" சமையலறையிலிருந்து அண்ணி கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணி. குஞ்சப் பாத்து சந்தோஷம்."

மீன்கள் கறுத்தன. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் போய் ஒண்டின. குஞ்சுகள் தூசியாக உதிர்ந்தன. அப்போதுதான் அண்ணனின் வாயிலிருந்து மாதக்கணக்கில் வராத பேச்சு வந்தது.

"தண்ணி" என்றார்.

அண்ணி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அழுகையும் சிரிப்புமாக அண்ணன் தலையைக் கட்டிக்கொண்டார். "பேசிட்டார் தம்பி. கேட்டீங்களா, பேசிட்டார்." அண்ணன் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி "தண்ணி" என்றார்.

விழுங்கும் தசை பலவீனமாக இருந்ததால் வெறும் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், கெட்டியாக்கித்தான் தரவேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அண்ணி தயங்கினார். "வெறும் தண்ணி கூடாதுன்னாரே?"

இன்னும் இரண்டு தடவை சொன்னால் எந்தத் தண்ணீர் என்று அண்ணிக்குப் புரிந்துவிடும். நானே டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

"வாய் திறந்து கேக்குறார். குடுங்கண்ணி."

அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டார். அண்ணி கெஞ்சிக் கெஞ்சிப் புகட்டினார். புரை ஏறியது. ராத்திரி காய்ச்சல் கண்டது. நுரையீரலில் சளி கட்டி, அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். மீன்கள் அவருக்கு முன்பே போயிருந்தன. "எசமான் போறது அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்கள் வந்தவர்கள். நான் தலையாட்டினேன்.

அண்ணி இன்னும் தூங்குவதில்லை. "நான்தான் தம்பி என் கையால கொன்னுட்டேன்" என்று அழுகிறார். எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து அழுகிறார். அப்போதெல்லாம் நான் பொறுமையாகச் சொல்கிறேன்: "உங்க மேல தப்பே இல்லண்ணி. கடைசியா அவர் ஆசப்பட்டுக் கேட்டதத்தானே குடுத்தீங்க."

அதைக் கேட்டதும் கொஞ்சம் தேறுகிறார். அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.