கையுறை தரையைத் தொட்டதும்

மேடையில் வீற்றிருக்கும் வில்மா டுப்ரே அம்மையார் அவர்களே, இந்த பௌலிங் கூடத்தின் பின்னறையை நமக்குத் தந்த உரிமையாளர் அவர்களே, இறகும் ஜிகினாவுமாக வந்திருக்கும் ஆட்டக்காரத் தோழர்களே, வணக்கம்.

"சார், உங்க கிளாஸ்ல சத்தமே இல்லன்னா, பசங்க கவனிக்கிறாங்களா, தூங்குறாங்களா?" என்று, நாம் இன்று நினைவுகூரும் ரோஸலிண்ட் கெட்சம் ஒருமுறை பள்ளி ஆசிரியனான என்னிடம் கேட்டார்.

"ரெண்டும் உண்டும்மா" என்றேன்.

"எங்களுக்கு அந்தச் சந்தேகமே இல்ல சார். சத்தம் இல்லன்னா செத்தோம்."

பார்ப்பவர்கள் விசிலடிக்க, அணிந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆடும் பர்லெஸ்க் ஆட்டத்தை லாஸ் ஏஞ்சலஸ் மறந்திருந்த காலம் அது. கிளப்புகளில் பெண்கள் ஏறி நின்று கோ-கோ நடனம் ஆடும் பெட்டிகளின் மேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். பழைய திரைப்படங்களைப் பார்த்தே ரோஸலிண்ட் ஆடியிருக்கலாம். ஆடினாரா? இல்லை. ஆடியவர்களைத் தேடினார். சலவைக்கடையில் பாவாடை ஓரம் தைத்துக்கொண்டிருந்த வில்மா அம்மையாரைக் கண்டுபிடித்தார்.

"போடி, என் முட்டியப் பாத்தியா? நான் ஆடுனா ஆம்புலன்ஸ்தான் வரும்."

"வரட்டும் வில்மாம்மா. டிரைவருக்கும் ஒரு டிக்கெட் குடுத்துடலாம்."

ஒரு ஞாயிறு மதியம், ரோஸலிண்ட் ஏற்பாடு செய்த ஆட்டத்தில் வில்மா மேடையேறினார். விரல் விரலாகப் பல்லால் இழுத்து, நீளக் கையுறையைக் கழற்றி நழுவவிட்டார். கூடம் நிறைய இளைஞர்கள். பெரியவர் ஆடுகிறார் என்ற மரியாதையில், தேவாலயத்தில் இருப்பதுபோல் மூச்சுவிடாமல் இருந்தார்கள். வில்மா என்ன நினைத்திருப்பார்? முகம் சுளிக்கிறார்கள் என்றுதானே? குனிந்து தன் கையுறையைத் தானே எடுக்கப் போனார். நழுவவிட்டதை ஆட்டக்காரி எடுக்கமாட்டாள். எடுத்தால் வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்று பொருள். அன்று கிளம்பியிருந்தால் வில்மா திரும்பியிருக்கவே மாட்டார்.

ஓரத்துப் பெட்டியில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்த ரோஸலிண்ட் வெள்ளை பூட்ஸோடு குதித்தார். கையுறையை முந்தி எடுத்தார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில்.

"என்ன, சாவு வீட்டுக்கா வந்திருக்கீங்க? வாயில டோனட்டா?"

கூடம் அதிர்ந்தது. வில்மா நிமிர்ந்தார். இடது கையை நீட்டி, மற்றக் கையுறையைக் கடித்தார்.

ரோஸலிண்ட் எதை மீட்டார்? அசைவுகளையா? அவை படங்களில் இருந்தன. பார்க்க வந்தவர்களின் குரலை மீட்டார். அதனால்தான் இன்று இந்த ஊரில் இத்தனை மேடைகள்.

அவர் நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்ட வகுப்பு நிற்காது. வில்மா அம்மையார் சொல்லித் தருவார். நாற்காலி போடுவது என் பொறுப்பு.

இத்தகைய கூட்டங்களை மௌன அஞ்சலியோடு முடிப்பார்கள். நமக்கு அது வேண்டாம். இதோ, ரோஸலிண்டின் கையுறையோடு வில்மா எழுந்து வருகிறார். அதை ரோஸலிண்ட் படத்தின் முன் நழுவவிடுவார். அது தரையைத் தொட்டதும் விசிலடியுங்கள்.